எண்ணக்கரு வரைபடத்திலிருந்து குறியிடலுக்கும், திரும்பியும்: தரவு மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் முதுமாணி ஆய்வேடு எழுதுகிறவர்கள் கேட்கும் கேள்விகளை வைத்து இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். ஒரு பக்கம் சிமேப் டூல்ஸ் போன்ற, கருத்துகளைப் பெட்டிகளாகவும் அவற்றின் தொடர்பைக் கோடுகளாகவும் காட்டும் வரைபட மென்பொருள். மறுபக்கம் என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்கியூடிஏ, குவால்கோடர் போன்ற, நேர்காணல் எழுத்தைக் குறியிடும் (எந்த வரி எதைப் பற்றியது என்று பெயரிட்டு வைக்கும்) மென்பொருள். இரண்டுக்கும் நடுவில் வேலை எப்படிக் கைமாறுவது என்பதுதான் விஷயம்.

பேசுவதற்கு ஓர் உதாரணம் வேண்டும். வலிகாமத்துத் தோட்டக்காரர்களிடம் கிணற்றுத் தண்ணீர் பற்றிக் கேட்ட நேர்காணல்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத, சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிற குடாநாடு. தோட்டத்துக்கும் குடிக்கவும் அதே நிலத்தடி நீர்தான். உரம், வெங்காயம், சவர் (உவர்ப்பு), மலசலகூடக் குழி, இறைக்கிற மோட்டர் என்று பேச்சு எங்கே தொடங்கினாலும் கிணற்றில் வந்து நிற்கும். வரைபடம் போட நல்ல பொருள்.

இரண்டு மென்பொருள் எதற்கு? என்விவோவிலேயே வரைபடம் போடலாமே?

போடலாம். என்விவோவில் எண்ணக்கரு வரைபடம், மன வரைபடம், திட்ட வரைபடம் மூன்றும் உண்டு. அட்லஸ்.டிஐயில் வலையமைப்புகள், மேக்ஸ்கியூடிஏயில் மேக்ஸ்மேப்ஸ். தனி ஆளாக, ஒரே கணினியில், உரிமம் கையில் இருக்கும்போது வேலை செய்கிறீர்கள் என்றால் வெளியே போகவே வேண்டாம். இந்தப் பக்கத்தையும் இத்தோடு மூடிவிடலாம்.

சிக்கல் வருவது வேறு இடங்களில். களத்துக்குப் போவதற்கு முன்பே மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து சிமேப்பில் ஒரு வரைபடம் போட்டிருப்பீர்கள். அல்லது தோட்டக்காரரையே வரையச் சொல்லியிருப்பீர்கள், அந்தத் தாள்களைப் பிறகு கணினியில் ஏற்றியிருப்பீர்கள். அல்லது என்விவோ உரிமம் துறையின் கணினியில் மட்டும் இருக்கும், வீட்டில் இலவச மென்பொருள்தான். அப்போதுதான் மாற்றவேண்டி வருகிறது.

இரண்டும் திறக்கக்கூடிய பொதுவான கோப்பு ஏதும் இருக்கிறதா?

குறியிடும் மென்பொருள்களுக்கிடையே இருக்கிறது. அதன் பெயர் ரெஃபி-கியூடிஏ. 2016இல் ரொட்டர்டாம் நகரில் நடந்த மாநாட்டில் தொடங்கிய முயற்சி. குறியீட்டுப் பட்டியலை மட்டும் கொண்டுபோகும் கியூடிசி கோப்பு 2018இலும், முழுத் திட்டத்தையும் கொண்டுபோகும் கியூடிபிஎக்ஸ் கோப்பு 2019இலும் வந்தன. மேலே சொன்ன நான்கும் இதைப் பேசும்.

வரைபட மென்பொருள்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. சிமேப் டூல்ஸ் அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஐஎச்எம்சி நிறுவனம் இலவசமாகத் தருவது. அதன் சொந்தக் கோப்பைக் குறியிடும் மென்பொருள் எதுவும் படிக்காது. கியூடிபிஎக்ஸ் அமைப்பில் வரைபடங்களுக்கு என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்தான், ஆனால் அதை எழுதாத, படிக்காத மென்பொருள்களும் இருக்கின்றன. அதை நம்பித் திட்டம் போடவேண்டாம்.

அப்படியென்றால் எதைத்தான் மாற்றுவது?

வாக்கியங்களை. 1970களில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் உருவாக்கிய எண்ணக்கரு வரைபடத்தில் இரண்டு பெட்டிகளும் நடுவில் ஓர் இணைப்புச் சொல்லும் சேர்ந்தால் ஒரு கூற்று. வரைபடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடைசியில் அது கூற்றுகளின் பட்டியல்தான்:

செயற்கை உரம் | கெடுக்கிறது | கிணற்றுத் தண்ணீர்
வெங்காயச் செய்கை | கேட்கிறது | செயற்கை உரம்
அளவுமீறி இறைத்தல் | சவராக்குகிறது | கிணற்றுத் தண்ணீர்

சிமேப் டூல்ஸில் எக்ஸ்போர்ட் மெனுவுக்குள் "புரொபொசிஷன்ஸ் அஸ் டெக்ஸ்ட்" என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் இந்த மூன்று நிரல்களும் எழுத்துக் கோப்பாக வந்துவிடும். எக்செல்லில் திறக்கலாம், திருத்தலாம், இம்போர்ட் மெனு வழியாகத் திரும்ப வரைபடமாகவும் ஆக்கலாம்.

ஏற்றுமதி செய்ய முன் வரைபடத்தை ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள். பெயர் வைக்காமல் விட்ட இணைப்புப் பெட்டிகளில் சிமேப் நான்கு கேள்விக்குறிகளைப் போட்டு வைத்திருக்கும். இரண்டு விஷயத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது, என்ன தொடர்பு என்று தெரியவில்லை என்று நீங்கள் தள்ளிப்போட்ட இடங்கள் அவை. அங்கே சொல் வைக்காமல் தரவை மாற்றிப் பயனில்லை.

கோப்பு கைக்கு வந்ததும் முதல் வேலை, ஒவ்வொரு வரிக்கும் ஓர் இலக்கம் போடுவது: கூ01, கூ02 என்று. பெயரை நீங்கள் பத்து முறை மாற்றுவீர்கள். இலக்கம் மாறக்கூடாது.

இந்த மாற்றத்தில் எது தொலைந்து போகும்?

பெட்டி இருந்த இடம், நிறம், இணைத்து வைத்த படங்கள் எல்லாம் போய்விடும். ஒரே பெயரில் இரண்டு பெட்டி வைத்திருந்தால் பட்டியலில் அவற்றைப் பிரித்தறிய முடியாது, ஏனென்றால் பட்டியலில் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

இவை தேவை என்றால் சிஎக்ஸ்எல் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அது எக்ஸ்எம்எல் வகை. ஒவ்வொரு எண்ணக்கருவுக்கும் தனி அடையாளம், அது திரையில் எங்கே இருந்தது என்ற விவரம் எல்லாம் அதற்குள் இருக்கும். சின்னப் பைத்தன் செய்நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் எண்ணக்கருவிலிருந்து எண்ணக்கருவுக்கு நேரடிக் கோடு கிடையாது. எண்ணக்கருவிலிருந்து இணைப்புச் சொல்லுக்கு ஒரு கோடு, இணைப்புச் சொல்லிலிருந்து அடுத்த எண்ணக்கருவுக்கு இன்னொரு கோடு. இரண்டையும் நீங்கள்தான் கோத்து ஒரு கூற்றாக்கவேண்டும்.

எண்ணக்கருக்களைக் குறியீடுகளாக ஏற்றிவிட்டேன். இணைப்புச் சொற்களை என்ன செய்வது?

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பெட்டிகளின் பெயர்களைக் குறியீடாக்குவது சுலபம். என்விவோவின் மன வரைபடத்தில் அதற்கென்றே ஒரு பொத்தான்கூட இருக்கிறது. ஆனால் குறியீட்டுப் பட்டியல் என்பது மரம்: மேலே ஒன்று, அதற்குக் கீழே சில. வரைபடமோ வலை. வலையை மரமாக்கும்போது "கெடுக்கிறது", "சவராக்குகிறது" எல்லாம் உதிர்ந்து, "உரம்", "தண்ணீர்" என்று பெயர்ச்சொற்கள் மட்டும் மிஞ்சும். ஆய்வின் வாதம் வினைச்சொற்களில்தானே இருந்தது!

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, இணைப்புச் சொல்லைக் குறியீட்டின் விளக்கக் குறிப்பில் எழுதி வைப்பது. எதுவும் இல்லாததற்கு இது பரவாயில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, மென்பொருளின் உறவு வசதியைப் பயன்படுத்துவது. என்விவோவில் உறவு வகைகளை நீங்களே உருவாக்கலாம். அட்லஸ்.டிஐயில் "காரணமாகும்", "பகுதியாகும்", "முரண்படும்" போன்ற உறவுகள் ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருக்கும், புதியவற்றையும் சேர்க்கலாம். ஆனால் அட்லஸ்.டிஐயில் இரண்டு குறியீடுகளுக்கிடையே ஓர் உறவைப் போட்டால் அது அந்த ஒரு படத்தோடு நிற்காது. அந்த இரண்டு குறியீடுகளும் வரும் எல்லா வலையமைப்பிலும் தோன்றும். ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் தனித்தனி வரைபடம் வைத்திருக்கிறவர்களுக்கு இது பெரிய தலையிடி. ஒருவர் உரம் தண்ணீரைக் கெடுக்கிறது என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். இருவரின் படத்திலும் ஒரே கோடு நிற்கும்.

மூன்றாவது வழியைத்தான் நான் சொல்வேன்: கூற்றையே குறியீடாக்குங்கள். "கூ01 உரம் தண்ணீரைக் கெடுக்கிறது" என்று ஒரு குறியீடு. நேர்காணலில் அந்தக் கருத்து வரும் இடத்தில் அதைப் போடுங்கள். குறியீடுகள் கூடும், பட்டியல் நீளும், உண்மைதான். ஆனால் வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் "இதைச் சொன்னது யார், எங்கே?" என்று கேட்டால் பதில் ஒரு சொடுக்கில் கிடைக்கும்.

ஒரு மாதிரி வாக்கியத்தைப் பாருங்கள்: "உரம் போட்டாத்தான் வெங்காயம் பருக்கும், ஆனா அதாலதான் கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்செண்டு சொல்லுகினம்."

உரம், வெங்காயம், கிணற்றுத் தண்ணீர் என்று மூன்று பெயர்ச்சொல் குறியீடுகளையும் இதில் போட்டுவிடலாம். போட்டால் என்ன தெரியும்? மூன்றும் ஒரே இடத்தில் வந்தன என்பது மட்டும். கூற்றாகக் குறியிட்டால் முதற்பாதி அவரே பார்த்தது என்றும் பிற்பாதி "சொல்லுகினம்" என்றும் கண்ணில் படும். தண்ணீர் கெட்டதை அவர் தன் வாயால் ஒப்புக்கொள்ளவில்லை, ஊர்க்கதையாக நகர்த்திவிடுகிறார். வரைபடத்தில் இரண்டும் ஒரே தடிப்புக் கோடாகத்தான் நிற்கும். ஆகவே எக்செல் பட்டியலில் நான்காவது நிரல் ஒன்று சேருங்கள்: சொந்த அனுபவமா, கேள்விப்பட்டதா, மறுக்கிறாரா. அந்த நிரலுக்கு எந்த மென்பொருளிலும் தயாரான இடம் இல்லை. ஆனால் ஆய்வேட்டின் நல்ல அத்தியாயம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும்.

மறுபக்கமாக, குறியிட்டு முடித்த பிறகு வரைபடம் எடுக்க முடியுமா?

முடியும். எந்தக் குறியீடும் எந்தக் குறியீடும் எத்தனை முறை ஒன்றாக வந்தன என்ற அட்டவணையைப் பெரிய மென்பொருள்கள் எக்செல்லுக்குத் தரும். அதை "எது, எதோடு, எத்தனை முறை" என்று மூன்று நிரல்களாக மாற்றினால், வைஎட் என்ற இலவச மென்பொருள் எக்செல்லிலிருந்து நேரே படம் போட்டுத்தரும்.

ஆனால் 20 குறியீடுகள் இருந்தால் 190 சோடிகள், 40 இருந்தால் 780. எல்லாவற்றையும் வரைந்தால் ஊசி நுழைய இடமிருக்காது. குறைந்தது இத்தனை முறை சேர்ந்து வந்தவை என்று ஓர் எல்லை வைக்கத்தான் வேண்டும். அந்த எல்லையை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதுங்கள், வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள். அப்புறம், இந்தப் படத்தில் கோட்டுக்குத் திசையும் கிடையாது, சொல்லும் கிடையாது. சேர்ந்து வந்தவற்றின் மேற்கோள்களைத் திறந்து வாசித்து, இணைப்புச் சொல்லை நீங்கள்தான் எழுதவேண்டும். அதுவரை அதை எண்ணக்கரு வரைபடம் என்று சொல்லாதீர்கள்.

என் நேர்காணல்கள் மென்பொருளுக்குள் போனதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகின்றன. ஏன்?

பாமினி. நம் ஊரில் ரைப் செய்யக் கொடுத்தால் இன்றைக்கும் பாமினியில் வருவது உண்டு. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுவிட்டது, அவ்வளவுதான். குறியிடும் மென்பொருள் எழுத்துருவைக் கழற்றியதும் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றியே ஆகவேண்டும். என்எச்எம் கன்வேர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன.

நேர்காணலுக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் கவனம். மாற்றி அவற்றையும் பாமினி என்று நினைத்துப் பொருளில்லாத தமிழாக்கிவிடும். வேர்டில் எழுத்துருவை வைத்துத் தேடும் வசதி உண்டு. அதில் பாமினி அல்லாத பகுதிகளை முதலில் கண்டுபிடித்து அடையாளம் வையுங்கள்.

எக்செல் வேறு விதமாகக் காலை வாரும். சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாகும், அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. பட்டியலில் உள்ள "சிஎஸ்வி யூடிஎஃப்-8" வகையைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரே பெயர்தான், ஆனால் இரண்டு குறியீடுகளாக வந்து நிற்கிறது. இது என்ன மாயம்?

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. "கோப்பாய்" என்ற சொல்லின் முதல் எழுத்தைக் ககரமும் ஓகாரக் குறியும் என்று இரண்டு அலகுகளாகவும் சேமிக்கலாம், ககரம், ஏகாரக் குறி, கால் என்று மூன்று அலகுகளாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. வரைபடத்தை ஒரு விசைப்பலகையிலும் நேர்காணலை இன்னொன்றிலும் அடித்திருந்தால் இது நடக்கும். என்எஃப்சி என்ற சீராக்கல் இதைச் சரிசெய்யும். பைத்தனில் ஒரு வரி வேலை.

சில விஷயங்களை அதுவும் சரிசெய்யாது. "மௌனம்" என்று ஒரு குறியீடு வைத்திருப்பீர்கள், பதில் சொல்லாமல் இருந்த இடங்களுக்கு. சிலர் அதையே ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு "மெளனம்" என்று அடிப்பார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு வேறு சொல். "ஸ்ரீ"யும் அப்படித்தான், இரண்டு விதமாகச் சேமிக்கப்படுகிறது.

எழுத்துக்கூட்டல் வேறுபாடும் உண்டு. நாம் "ரியூசன்" என்று எழுதுவோம், "டியூசன்" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், "மோட்டர்", "மோட்டார்" இரண்டும் இருக்கும். இதற்கு எந்தச் சீராக்கலும் உதவாது. எக்செல்லில் பெயர்களை அகர வரிசைப்படுத்தி, கண்ணால் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டியதுதான். மேலே சொன்ன கூ01, கூ02 இலக்கங்கள் இங்கேதான் கைகொடுக்கும்.

குறியிடத் தொடங்கிவிட்டேன். இப்போது சீராக்கலாமா?

மென்பொருளுக்கு வெளியே செய்யாதீர்கள். கியூடிபிஎக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொதி. உள்ளே நேர்காணல் எழுத்து ஒரு பக்கம், "இத்தனையாவது அலகிலிருந்து இத்தனையாவது அலகுவரை இந்தக் குறியீடு" என்ற பட்டியல் இன்னொரு பக்கம். எண்ணுவது ஒருங்குறி அலகுகளை. "கிணறு" நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து அலகு. நீங்கள் பொதியைப் பிரித்து எழுத்தை மட்டும் சீராக்கினால், மூன்று அலகாக இருந்த ஒவ்வொரு "கோ"வும் இரண்டாகும், அதற்குப் பின்னால் உள்ள குறியீடுகள் எல்லாம் ஒவ்வொரு அலகாக நகரும். "கோப்பாய்" பத்து முறை வந்த நேர்காணலில் கடைசிக் குறியீடு பத்து அலகு தள்ளிப்போய் வேறு சொல்லின் நடுவில் நிற்கும்.

ஆகவே வரிசை இது: முதலில் பாமினியை மாற்று, பிறகு சீராக்கு, பிறகு எழுத்துப்பிழை பார், அதற்குப் பிறகுதான் இறக்குமதி.

வரைபடத்தில் உள்ள சொற்களைத் தேடித் தானாகவே குறியிட வைக்கலாமா?

தமிழில் அவ்வளவாக எடுபடாது. "கிணறு" என்று தேடினால் கிணற்றில், கிணத்தடி, கிணத்துத்தண்ணி எதுவும் அகப்படாது. ஆங்கிலத்துக்கு உள்ள வேர்ச்சொல் தேடல் நமக்கு இல்லை. அட்லஸ்.டிஐ போன்றவற்றில் "கிணறு அல்லது கிணற் அல்லது கிணத்" என்று மாதிரி கொடுத்துத் தேடலாம். இடங்களைக் கண்டுபிடிக்க அது போதும். குறியிடுவதைக் கையால் செய்யுங்கள்.

நூலகம் வலைத்தளத்தில் எடுத்த பழைய பத்திரிகைகளையும் சேர்க்கலாமா?

நூலகம் திட்டம் 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது, நம் ஆய்வுகளுக்கு அது பெரிய கொடை. ஆனால் வருடிய பக்கம் என்பது படம். எழுத்துணரி வழியாக எழுத்தாக்காமல் தேடவோ வரிகளைக் குறியிடவோ முடியாது. டெஸராக்ட் என்ற எழுத்துணரி இலவசம், தமிழ் தெரியும், பழைய அச்சில் தடுமாறும். சில பக்கங்கள்தான் என்றால், படத்தின் மேல் சதுரம் போட்டுக் குறியிடும் வசதியே போதும்.

காசில்லாமல் எல்லாவற்றையும் செய்ய ஏதாவது வழி?

சிமேப் டூல்ஸ், எக்செல்லுக்குப் பதிலாக லிப்ரே ஆபிஸ், குவால்கோடர். மூன்றும் இலவசம். குவால்கோடர் தரவைச் சாதாரண எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில் வைப்பதால் யாரும் திறந்து பார்க்கலாம், ரெஃபி வடிவத்திலும் தரும் வாங்கும். டாகெட் என்ற இன்னொரு குறியிடும் மென்பொருள் இன்னும் எளிது, ஆனால் அதில் குறியீடுகளுக்கு மேல்-கீழ் அடுக்கு இல்லை. கூற்றைக் குறியீடாக்கும் வழிக்கு அடுக்கு பெரிதாகத் தேவையும் இல்லை.

பெயர்களை எந்தக் கட்டத்தில் மறைப்பது?

இறக்குமதிக்கு முன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது, பல்கலைக்கழக ஒழுக்கவியல் குழுவும் கேட்கும். நேர்காணலில் பெயரை மாற்றிவிட்டு வரைபடத்தில் மறந்துவிடுகிறவர்கள் உண்டு. "கோயிலடி வாசிகசாலைத் தலைவரின் கிணறு" என்று ஒரு பெட்டி இருந்தால் அந்த ஊரில் யாருக்கு ஆள் தெரியாது? கியூடிபிஎக்ஸ் பொதிக்குள் முழு நேர்காணலும் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். வாட்ஸப்பில் அனுப்பும் கோப்பு அல்ல அது.

மேற்பார்வையாளர் வேறு மாதிரியான "எண்ணக்கரு வரைபடம்" கேட்கிறார், புள்ளிகளும் கூட்டங்களுமாக. அது என்ன?

வில்லியம் ட்ரோச்சிம் வகுத்த முறையாக இருக்கும். பங்கேற்பவர்கள் கருத்து அட்டைகளைக் குவியல்களாகப் பிரிப்பார்கள். எந்த இரண்டு அட்டை அடிக்கடி ஒரே குவியலில் விழுந்தன என்ற அட்டவணையிலிருந்து பல்பரிமாண அளவிடல் (அடிக்கடி சேர்ந்தவற்றை அருகருகே புள்ளிகளாக வைப்பது), கொத்துப் பகுப்பாய்வு (அருகிலுள்ள புள்ளிகளைக் கூட்டமாக்குவது) என்று போவது. இணைப்புச் சொல்லே கிடையாது. திறந்த கேள்விகளின் பதில்களைச் சிறு சிறு கூற்றுகளாக வெட்டி அட்டைகளாக்கலாம், அந்த வெட்டும் வேலைக்குக் குறியிடும் மென்பொருள் உதவும். அட்டவணையை ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளுக்குக் கொடுங்கள். எது வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

ஆய்வேட்டோடு எந்தக் கோப்புகளைக் கொடுப்பது?

அச்சுக்கு வரைபடத்தை எஸ்விஜி அல்லது பிடிஎஃப் ஆக எடுங்கள், ஜேபெக் அச்சில் மங்கும். பின்னிணைப்பில் கூற்றுப் பட்டியல்: இலக்கம், மூன்று நிரல்கள், சொன்னவரின் புனைபெயர், நேர்காணலின் பந்தி எண். மென்பொருளின் சொந்தக் கோப்பை மட்டும் வைத்திருந்தால் உரிமம் முடிந்த அன்று திறக்க முடியாது போகலாம். அதனால் கியூடிபிஎக்ஸ், சிஎக்ஸ்எல், சிஎஸ்வி மூன்றையும் ஒரே கோப்புறையில், திகதி போட்டு, கணினியில் ஒரு பிரதியும் வெளியே கடவுச்சொல் போட்ட இன்னொரு பிரதியுமாக வையுங்கள்.